அலமாரிக்குள் ஒரு சிவப்பு விளக்கு

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள ரேடியோவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘எனக்கென்ன, நல்லா இருக்கேன்’ என்று பொய் சொல்வாய் என்பதால் கேட்காமல் விடுகிறேன். ஓயாமல் பேசி ரேடியோ என்று பேர் வாங்கியவள், இப்போது உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டால் ‘குளிக்கறா’ என்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளில் எத்தனை தடவைதான் குளிப்பாள்? அதனால்தான் கடிதம். இதை அணைத்து வைக்க முடியாது பார்.

நம் அவசர அழைப்பு மையத்தில் உன் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை, கண்டக்டர் என்றே ஆகிவிட்டது. சிவப்பு விளக்கு மின்னினால் பச்சைப் பட்டனை அழுத்தணும், திரையில் பெயர், விலாசம், என்ன நோய், பக்கத்து வீட்டில் யாரிடம் சாவி இருக்கிறது எல்லாம் வரும், அதைப் படித்துக்கொண்டே பேசணும், பேசிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும் என்று நான் சொல்லச் சொல்ல, ‘ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன்மா நான்’ என்றார். முதல் அழைப்பு வந்ததும் பழக்க தோஷத்தில் ‘எங்க இறங்கணும்?’ என்று கேட்டுவிட்டார். மறுமுனையில் கழுத்தில் தொங்குகிற அவசரப் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்ட ஒரு வயதான அம்மாள். ‘இப்பவே இறங்கறதா இல்லப்பா, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்’ என்றாளாம். நீ இருந்திருந்தால் மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்திருப்பாய்.

மற்றபடி எல்லாம் அப்படியேதான். ஏசி ஒழுகுகிறது. சூப்பர்வைசர் அதற்கு ஒரு வாளி வைத்திருக்கிறார். அந்த வாளியைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து கை ஓடவில்லை. டீயை ஆறவிட்டுக் கொட்டிவிட்டு மறுபடி வாங்கி அதையும் ஆறவிட்டேன்.

நம் கணக்கில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இருக்கிறார் அல்லவா, ஒரு கால் வராதவர், எப்போது பேசினாலும் எரிந்து விழுவாரே, அவரேதான். இன்று காலை அவருடைய அழைப்பு வந்தது. விளக்கு மின்னியது, மணி அடித்தது, முதல் மணியிலேயே எடுத்தேன். எடுத்ததும் மனுஷன் கத்துகிறார்: ‘கால் மணி நேரமா அமுக்கறேன், எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?’ நாற்காலியிலிருந்து விழுந்து கிடந்திருக்கிறார். அடி பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பித் தூக்கி உட்கார வைத்தாகிவிட்டது. ‘இப்பதான் சார் மணி அடிச்சுது’ என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: ‘என்கிட்டயே நேரம் சொல்றியா? என் எதிர்ல ஒரு சுவர் நிறையக் கடிகாரம் ஓடுது!’

அன்றைக்கு நடந்ததைப் பற்றி உன்னிடம் பேச மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அவர் கத்திய அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. சாகும் முன் அந்த ரயில் டிரைவர் அய்யாவும் இதையேதான் உன்னிடம் கேட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ‘எவ்வளவு நேரமா அமுக்கறேன், ஏம்மா எடுக்கல?’ சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா உள்ளே போனபோது அவளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தானே அவர் மகள் மறுநாள் இங்கே வந்து, எல்லார் முன்னாலும், ‘அரட்டை அடிச்சிட்டு இருந்தீங்களா?’ என்று உன் முகத்துக்கு நேரே கேட்டாள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அழைப்பு வந்த உடனே எடுத்திருக்கிறாய், உன்மேல் தப்பில்லை, நோயாளி குழம்பியிருப்பார் என்றார். நீதான் ஒப்புக்கொள்ளவில்லை. ‘உயிர் போற நேரத்துல ஒரு மனுஷன் எதுக்குப் பொய் சொல்லணும்?’ என்று கேட்டுவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவள்தான்.

நாம் அந்தச் சமயத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம், உண்மை. ஆனால் மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கும்தானே கேட்டிருக்கும். உனக்கு அடுத்த நாற்காலியில்தானே இருந்தேன்?

அன்றும் செவ்வாய்க்கிழமை. அது இன்று காலைதான் என் மண்டையில் உறைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நாம் என்ன செய்வோம் என்று உனக்கே தெரியும். அழைப்பு வாங்குகிற பெரிய பெட்டியை அணைத்து, தூசி ஊதி, பேட்டரி பார்த்து, மறுபடி போடுவோம். அதுவரை அழைப்பெல்லாம் அலமாரியில் இருக்கிற துணைப் பெட்டிக்குப் போகும், நம்மில் ஒருத்தி அதன் முன்னால் நின்று பார்த்துக்கொள்வாள்.

எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்ததும் எழுதுகிறேன். அதுவரை மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பக்கத்து நாற்காலி
கடுகு


வியாழக்கிழமை

அன்புள்ள ரேடியோவுக்கு,

நலம் விசாரிக்கிற பொறுமை எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

அவர் பொய் சொல்லவில்லை. நீயும் தப்பு செய்யவில்லை. இரண்டும் உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். சூப்பர்வைசரிடம் போய் வாட்ச்காரர் சொன்னதைச் சொன்னேன். ‘தனியா இருக்கறவங்களுக்கு ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாத் தெரியும்மா’ என்றார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார், கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்க நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. விளக்கு மின்னாதபோதெல்லாம் இப்போது எங்கோ யாரோ அழுத்திக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கன்சோல் சும்மா இருந்தால் முன்பெல்லாம் நிம்மதியாக இருக்கும் அல்லவா? இப்போது எழுந்து போய் மணியைத் தட்டிப் பார்க்கிறேன். கடைசியில் யாரையும் கேட்காமல் நானே டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். நம் ‘எல்லாம் சரி’தான். மாதாமாதம் வந்து, பையைத் திறந்து, பையை மூடி, ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுப் போகிறவர். அவரும் முதலில் அதையேதான் சொன்னார். ‘எனக்காக ஒரு தடவை வாங்கண்ணா’ என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, இன்று காலையே வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை செய்வதை அப்படியே செய்யச் சொன்னேன். பெரிய பெட்டியை அணைத்தோம், போட்டோம். அவர் வழக்கம்போல முதல் லைனில் சோதனை அழைப்பு விட்டார். விளக்கு மின்னியது, மணி அடித்தது. பையை மூடப் போனார். ‘இருங்கண்ணா’ என்று சொல்லிவிட்டு என் கைப்பேசியில் வாட்ச்காரரைக் கூப்பிட்டேன். பட்டனை அழுத்துங்கள் சார் என்றேன். ‘எனக்கு வேற வேலை இல்லையா’ என்று திட்டிக்கொண்டே அழுத்தினார்.

கன்சோலில் ஒன்றும் இல்லை.

கண்டக்டர் திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார். என் காதில் வாட்ச்காரர், ‘அமுக்கிட்டேன்... அமுக்கிட்டுத்தான் இருக்கேன்... இங்க ரிங் போகுது... எடுங்கடா யாராவது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். டெக்னீஷியன் எழுந்து போய் அந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே துணைப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். நாம் மதியச் சாப்பாட்டுப் பையை வைப்போமே, அதற்குப் பின்னால்.

பெரிய பெட்டி திரும்பி வந்ததும் எல்லா லைனும் அதற்கு மாறிவிட வேண்டும். ஒரே ஒரு லைன் மட்டும் சில சமயம் மாறாமல் ஒட்டிக்கொள்கிறது. அந்த லைனில் வருகிறவர்களின் அழைப்பு அலமாரிக்குள் போய் மின்னுகிறது. வீட்டிலிருக்கிற கருவி முயன்று முயன்று சலித்துப்போய் அடுத்த லைனில் கூப்பிடும்போதுதான் நமக்கு மணி அடிக்கிறது. அப்படி ஒரு தடவை அது விட்டுவிட்டால், ஒட்டிக்கொண்ட லைனும் தானாக விடுபட்டுவிடுகிறது. பிறகு யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரிதான். ரயில் டிரைவர் அய்யாவின் வீடும் வாட்ச்காரர் வீடும் ஒரே லைன்.

புரிகிறதா? அவர் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். உனக்குக் கேட்க வழியே இல்லை. கேட்ட உடனே நீ எடுத்தாய்.

டெக்னீஷியன் அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ‘முதல் லைன்ல மட்டும்தாம்மா போட்டுப் பார்ப்பேன். எல்லாத்துலயும் பார்க்கணும்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க. நேரமாகுதுன்னு...’ என்றார். கண்டக்டர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கை போகவில்லை.

சாயங்காலத்துக்குள் புதுப் பாகம் வந்து மாற்றியாகிவிட்டது. மேனேஜர் வந்தார், பார்த்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ‘நல்ல வேளை கண்டுபிடிச்ச. சரி பண்ணியாச்சு. இதை வெளியே கொண்டுபோக வேண்டாம், ஜனங்க பயந்துடுவாங்க’ என்றார். தலையாட்டினேன். இதோ உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை அக்காவே வைத்துக்கொண்டு, ஒன்று ஒன்றாக உனக்குக் கொடுக்கட்டும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். காரணம் கேட்காதே. என் கடிதத்தைப் படிக்கிறாய், மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறாய் என்று அவள் சொன்னாள். அது போதும் எனக்கு இப்போதைக்கு.

உன்,
கடுகு


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரேடியோவுக்கு,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை. பரவாயில்லை. ஆனால் இந்தத் தடவை நான் உனக்கு ஆறுதல் சொல்ல எழுதவில்லை. எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சொல்ல ஆள் வேண்டும், அதற்கு நீதான் இருக்கிறாய்.

உனக்கு எழுதிய பிறகு, அந்த மகளுக்கும் தெரியவேண்டும் என்று தோன்றிவிட்டது. அவள் உன்னைத் திட்டியது தப்பு என்று அவளே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். நேற்று போனேன். அவள் ஒரு மாடி வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மேலே வீடு. நான் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் ஓட்டம் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, லைன், அலமாரி, எல்லாம். நீ முதல் மணியிலேயே எடுத்தாய் என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவள் உன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ‘அப்போ அப்பா குழம்பல. நெஜமாவே அவ்வளவு நேரம் அமுக்கிட்டே இருந்திருக்கார்’ என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, கையிலிருந்த துணியிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, ‘அவர் ஏதோ தெரியாம சொல்லிட்டார்னு ஒருவழியா மனசைத் தேத்தி வச்சிருந்தேன். இதை எதுக்கு வந்து சொன்னீங்க?’ என்றாள்.

என்ன பதில் சொல்வாய் நீ? உன் வாய்க்கு ஏதாவது வந்திருக்கும். நான் கடையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றவள், வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். உன் பாரத்தை இறக்குகிறேன் பேர்வழி என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் தலையில் வைத்துவிட்டேனே என்று இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ‘உண்மை உண்மைதானே’ என்றார். அவருக்கு எல்லாமே சுலபம். குழம்பில் உப்பு அதிகம் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் குழப்பமே கிடையாது.

இன்று எனக்குக் காலை முறை. முடித்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் அந்த மகள் நிற்கிறாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மேனேஜரைப் பார்த்து விளக்கம் கேட்டாளாம், எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறாளாம். அப்படியானால் நாளைக்கு என் வேலை இருக்குமோ இருக்காதோ. அது கிடக்கட்டும். அவள் அதற்காக என்னைப் பார்க்க நிற்கவில்லை.

‘அந்தப் பொண்ணு எங்க இருக்காங்க?’ என்று கேட்டாள். எதற்கு என்றேன். ‘பக்கத்து வீட்டம்மா சாவி எடுத்துட்டு வர வரைக்கும் அவங்கதானே அப்பாகிட்ட பேசிட்டு இருந்தாங்க. கடைசியா அவர் நல்லாப் பேசினது அவங்ககிட்டதான். என்ன பேசினார்னு எனக்குத் தெரியணும்’ என்றாள். ஒலிப்பதிவு இருக்குமா என்று கேட்டாள். பழையதையெல்லாம் அழித்துவிட்டார்கள். சொன்னபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு உன் பக்கத்துப் பேச்சு மட்டும்தானே கேட்டது? அதைச் சொன்னேன். முதலில் ‘வந்துட்டாங்கப்பா, வந்துட்டாங்க’ என்றாய். பிறகு எந்த ரயில் ஓட்டினீர்கள், எந்தப் பாலத்தில் பயமாக இருக்கும் என்றெல்லாம் கேட்டு அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாய். நடுவில் ஒரு இடத்தில் உன் குரல் மாறியது. ‘சொல்றேன்ப்பா. கண்டிப்பா அவங்ககிட்ட சொல்றேன்’ என்றாய். அப்போது நான் கவனிக்கவில்லை. இன்று அவளிடம் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்தது. ‘யார்கிட்ட? என்கிட்டயா?’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது நீ சொல்லத்தான் எழுந்தாய், இல்லையா? அவள் உன்னைச் சொல்லவிடவில்லை. அப்புறம் நீயும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

உன் விலாசத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். அவள் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் கத்த மாட்டாள். அப்படி வாக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

எனக்குப் பதில் எழுதவேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். அவளோடு பேசு. தூங்கப் போகுமுன் கொஞ்சம் நடந்துவிட்டு வா, அக்காவையும் கூட்டிக்கொள்.

இப்படிக்கு,
கடுகு


புதன்கிழமை

அன்புள்ள ரேடியோவுக்கு,

நேற்று காலை தையற்காரி வந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. ‘பேசினாங்க’ என்றாள். கண்டக்டர் ஓடிப்போய் அவளுக்கு உன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில்தான் உட்கார்ந்தாள்.

அவளாகத்தான் சொன்னாள். அவள் வீட்டுக்கு வந்து இருக்கும்படி, நடை தளர்ந்த அப்பாவை எத்தனையோ தடவை கூப்பிட்டாளாம். ‘உன் மெஷின் சத்தத்துல மனுஷன் தூங்க முடியாது’ என்று சொல்லி மறுத்துவிடுவாராம். அது அவளுக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெஷினைத் தூக்கிப் போட்டிருக்கலாமே, வேறு வேலை பார்த்திருக்கலாமே, அவர் தனியாகக் கிடந்து சாக விட்டேனே என்று. ‘மெஷின் சத்தம்னு சொன்னது சும்மா. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வந்தா என்னையும் தூக்கிக்கிட்டு மாடி ஏறி இறங்கணும், அவ முதுகு ஒடிஞ்சிடும், அதான் வரல. அவகிட்ட சொல்லிடும்மா’ என்று உன்னிடம் சொன்னாராமே.

நீ இத்தனை நாள் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் ஊரைவிட்டுப் போனாயா?

‘அவங்க குரல் ரொம்ப மெதுவா இருந்துச்சு. நல்லாச் சாப்பிடறாங்களா?’ என்று அவள் என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். அதற்குள் விளக்கு மின்னியது, நான் திரும்பிக்கொண்டேன்.

அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கொடுப்பேன். டெக்னீஷியன் தன் தரப்பைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டார், யாரும் கேட்காமல். நேற்று செவ்வாய். எல்லா லைனிலும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் மணி அடித்தது. ஆனாலும் நான் அலமாரிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பணியில் இருக்கிற நேரம் முழுக்க ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. வீட்டிலும் அப்படித்தான். மனசு இன்னும் அடங்கவில்லை எனக்கு. எப்போது அடங்கும் என்று தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பி வா என்று நான் கூப்பிட மாட்டேன். இந்த நாற்காலியில் உட்காரவே கூடாது என்று உனக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான். தையல் கற்றுக்கொள், கடை வை, சும்மா இரு. எது செய்தாலும் நன்றாக இரு. நல்ல தூக்கம் வரட்டும் உனக்கு. சாப்பாடு ருசிக்கட்டும்.

அவளோடு பேசிவிட்டாய். என்னோடும் பேசேன். இன்றைக்கே என்று சொல்லவில்லை. திட்டவாவது பேசு. மாத்திரை விஷயத்துக்காக ஒரு மணி நேரம் திட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நாள் ஆக்கிவிடாதே, அவ்வளவுதான்.

என்றும் உன்,
கடுகு